ரெடிமேடா, அசெம்பிளா? கேமிங் கம்ப்யூட்டர் பற்றி வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காட்டு ஊர்களில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கைக் குறைத்துக்கொண்டு, எதற்கு எவ்வளவு பங்கு என்பதையே அதிகம் சொல்லியிருக்கிறோம். முழுப் பெட்டியையும் 'சிபியு' என்பது நம் ஊர் வழக்கம். அது இங்கே குழப்பும் என்பதால் வெளிக்கூட்டுக்குக் கேபினெட், உள்ளே இருக்கும் சில்லுக்கு பிராசசர் என்றே எழுதுகிறோம்.

ரெடிமேட், அசெம்பிள்: இரண்டே வழிதானா?

நான்கு வழி உண்டு. பெரிய பிராண்டின் டெஸ்க்டாப்பை அப்படியே வாங்கலாம். கடைக்காரர் முன்பே அசெம்பிள் செய்து விளக்கெரிய வைத்திருப்பதை வாங்கலாம். பாகங்களின் பட்டியலை நீங்கள் போட்டுக் கடையில் கொடுத்து அசெம்பிள் செய்யச் சொல்லலாம். இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரோடு நீங்களே உட்காரலாம்.

முதல் கம்ப்யூட்டர் என்றால் மூன்றாவது வழியைத்தான் சொல்வோம். எந்தப் பாகம் என்ற முடிவு உங்கள் கையில் இருக்கும். திருகுவதும், ஆன் ஆகாவிட்டால் எது கெட்டது என்று கண்டுபிடிப்பதும் கடைக்காரர் வேலை. இதில் கெட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சந்தேகப்படும் ராமைக் கழற்றி வேறொன்றைப் போட்டுப் பார்க்க வீட்டில் இன்னொரு ராம் இருக்காது. கடையில் பத்து இருக்கும்.

பெரிய பிராண்டின் பெட்டி யாருக்குப் பொருந்தும்? பழுதானால் ஆள் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும், உள்ளே எதையும் மாற்றப் போவதில்லை என்பவர்களுக்கு. அவற்றில் பலவற்றில் மதர்போர்டும், பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த பிராண்டுக்கே உரிய அளவிலும் இணைப்பிலும் இருக்கும். நான்கு வருடம் கழித்து எஸ்எம்பிஎஸ் போனால் சந்தையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாமல் போகலாம்.

நானே அசெம்பிள் செய்தால் எவ்வளவு மிச்சமாகும்?

நினைக்கிற அளவுக்கு இல்லை. அசெம்பிள் கூலி மொத்த விலையில் மிகச் சிறிய பங்கு. உண்மையான மிச்சம் கூலியில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பாகங்களில் இருக்கிறது. ரெடிமேட் பெட்டியில் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் பெயரையும் பெரிதாக எழுதிவிட்டு மற்றதில் கை வைப்பார்கள். ராம் 16 ஜிபி ஒரே குச்சியாக இருக்கும். சேமிப்புக்கான எஸ்எஸ்டி பெயர் தெரியாததாக இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் வாட் எண் மட்டும் ஒட்டியிருக்கும், தரச் சான்று இருக்காது. அதே விலைக்கு நீங்கள் பட்டியல் போட்டால் இவை எல்லாம் ஒரு படி மேலே போகும்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். 2025 கடைசி மாதங்களிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியது. ஏஐ சர்வர்களுக்கான தேவை மெமரி சில்லுகளை இழுத்துக்கொண்டதுதான் காரணம். பழைய விலையில் ராம் வாங்கிப் போட்ட ரெடிமேட் பெட்டி கடையில் நின்றால், தனித்தனியாக வாங்குவதைவிட அது மலிவாக இருக்கக்கூடும். அதனால் இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பழைய கம்ப்யூட்டரில் நல்ல டிடிஆர்4 ராம் இருந்தால் விற்காதீர்கள். அதை வைத்தே ஏஎம்4 (ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்) போர்டில் புதிதாக ஆரம்பிக்கலாம்.

'ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி' என்று பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

ஐ7 என்பது பாதிப் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ7 3770 என்றால் 2012-இல் வந்தது, ஐ7 4770 என்றால் 2013. 2022-இல் வந்த ஐ3 12100-ஏ இரண்டையும் எளிதாக முந்தும். அந்தப் பழைய பிராசசரோடு புதிதாகத் தயாரித்த எச்61 அல்லது எச்81 போர்டையும் ஜிடி 730 கார்டையும் சேர்த்து, வண்ண விளக்கு ஃபேன் நான்கு வைத்து 'புதுசு' என்று விற்பது வழக்கமான வியாபாரம். ஜிடி 730-இல் 4 ஜிபி என்று எழுதியிருப்பதில் பொருள் ஒன்றும் இல்லை. அந்தக் கார்டுக்கு அவ்வளவு மெமரியைப் பயன்படுத்தும் வேகமே கிடையாது.

இன்னொரு சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல் 8-ஆம் தலைமுறை முதல், ரைசன் 2000 வரிசை முதல்தான். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் என்ற ஆட்டத்தை ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். பழைய எச்61 போர்டில் டிபிஎம் 2.0 இருக்காது.

பணத்தை எப்படிப் பங்கிடுவது?

மானிட்டர், கீபோர்டு, யூபிஎஸ் தவிர்த்துப் பெட்டிக்கு மட்டும் 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் கார்டுக்கு 28,000 முதல் 32,000 வரை ஒதுக்குங்கள், அதாவது ஏறக்குறைய 40 முதல் 45 சதவீதம். பிராசசரும் மதர்போர்டும் சேர்ந்து கால் பங்கு. மீதியில் ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட். இப்போதைய ராம் விலையில் இந்தக் கடைசிப் பங்கு இடிக்கும். அப்போது குறைக்க வேண்டியது விளக்கு, கண்ணாடிக் கேபினெட், தண்ணீர்க் கூலர் இவற்றை. எஸ்எம்பிஎஸ்ஸைக் குறைக்காதீர்கள்.

யூபிஎஸ், மானிட்டர், மேசை, விண்டோஸ் உரிமம் ஆகியவற்றைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அவற்றுக்கு முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். பாகங்களுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. கொட்டேஷன் கேட்கும்போது 'வரி சேர்த்தா, சேர்க்காமலா' என்று கேட்டுவிடுங்கள்.

எந்த பிராசசர், எந்தக் கார்டு?

மூன்று நிலை சொல்கிறோம்.

கையைக் கடிக்காத செலவு: ரைசன் 5 5600 அல்லது ஐ5 12400எஃப், டிடிஆர்4 ராம் 8 ஜிபி குச்சி இரண்டு. 5600-க்கு பி550 போர்டு எடுங்கள். ஏ520, பி450 போர்டுகளில் கார்டுக்குத் தகவல் போய்வரும் தடம் பிசிஐஇ 3.0 வேகத்தில் நின்றுவிடும். ஆர்டிஎக்ஸ் 5060 போல எட்டுத் தடம் மட்டுமே பயன்படுத்தும் 8 ஜிபி கார்டுக்கு மெமரி நிறையும்போது அது உறைக்கும். இந்த நிலையில் ஆர்க் பி580 கார்டு 12 ஜிபி மெமரியோடு கண்ணை இழுக்கும். ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகவிடும் வசதி) இல்லாத போர்டில் அது தடுமாறும். பழைய, மெதுவான பிராசசரோடு சேர்த்தாலும் வேகம் விழும்.

நடுத்தரம்: ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5 6000 வேகத்தில் 16 ஜிபி குச்சி இரண்டு. கார்டு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி அல்லது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. இவ்விரண்டு கார்டும் அதே பெயரில் 8 ஜிபியாகவும் வருகின்றன. பில்லில் '16 ஜிபி' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பின்னால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் ஏஎம்5 சாக்கெட்தான் சரி. 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

மேல்நிலை: ரைசன் 7 7800எக்ஸ்3டி அல்லது 9800எக்ஸ்3டி. இதற்குப் போகிறவர்கள் 1080பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு போகாதீர்கள். காசு வீண்.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பழையதாகக் கிடைத்தால் யோசியுங்கள். அவற்றில் சில அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் நிலைதடுமாறின. 2024 ஆகஸ்ட் முதல் இன்டெல் திருத்தங்களை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் பயாஸ் (போர்டில் பதிந்திருக்கும் துவக்க மென்பொருள்) அப்டேட்டில் வரும். ஏற்கெனவே கெட்ட சில்லை அது சரிசெய்யாது.

நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தாங்குமா?

தாங்கும். ஆனால் வெளிநாட்டு யூடியூப் வீடியோவில் காட்டும் டிகிரியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் நடப்பவை. கத்திரி வெயிலில் வேலூர் 40-ஐத் தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் அறையில் மாலை ஏழு மணிக்கும் சுவர் அனல் வீசும். அறை 15 டிகிரி கூடினால் உள்ளே இருக்கும் பாகமும் ஏறக்குறைய அதே 15 கூடும். வீடியோவில் 72 காட்டிய பிராசசர் உங்கள் அறையில் 87-ஐத் தொடும். ரைசன் 5 5600-க்கு எல்லை 90, 7600-க்கு 95. எல்லையைத் தொட்டால் எரிந்துபோகாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு விட்டு விட்டு ஓடும்.

அதனால் கேபினெட்டின் முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, பக்கவாட்டில் விரலளவு இடைவெளி விட்டிருக்கும் கேபினெட் நம் ஊருக்கு ஆகாது. முன்னால் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால் போதும். ஃபேனின் திறந்த முகப்பிலிருந்து காற்று உள்ளே போய், சட்டக் கைகள் தெரியும் பக்கமாக வெளியே வரும். கடையிலேயே தலைகீழாக மாட்டிவிடுவதும் உண்டு, ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

பிராசசரோடு வரும் கூலர் 65 வாட் சில்லுக்குப் போதும் என்பது ஏசி அறைக்குச் சரி. ஏசி இல்லையென்றால் நான்கு செம்புக் குழாய் உள்ள ஒற்றைக் கோபுர ஏர் கூலர் போடுங்கள். தண்ணீர்க் கூலர் தேவையில்லை. அதுவும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது, பம்ப் போனால் மொத்தமும் போச்சு.

மேசைக்கு அடியில் கதவு வைத்த அறைக்குள் கேபினெட்டைத் தள்ளாதீர்கள். விளையாடும்போது 350 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் அந்த 350 வாட்டையும் சூடாகத்தான் வெளியே விடும்.

அடிக்கடி கரண்ட் போகிறது. யூபிஎஸ் வேண்டுமா, இன்வெர்ட்டர் போதுமா?

வீட்டு இன்வெர்ட்டரை நம்பி வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. மூன்றைப் பாருங்கள்.

முதலில் அலை வடிவம். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கும். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரிலும் யூபிஎஸ்ஸிலும் அந்தச் சுற்று திணறிப் பெட்டியை அணைத்துவிடக்கூடும். 'ப்யூர் சைன் வேவ்' என்று எழுதியதையே கேளுங்கள்.

அடுத்தது மாறும் நேரம். கரண்ட் நின்றதும் எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் உள்ள மின்சாரத்தை வைத்து ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட் மட்டுமே தாக்குப்பிடிக்கும். அதற்குள் இன்வெர்ட்டர் மாற வேண்டும். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் 'யூபிஎஸ்' என்றும் 'நார்மல்' அல்லது 'எக்கோ' என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் பக்கம் வைத்தால்தான் வேகமாக மாறும்.

மூன்றாவது சுமை. 600 விஏ யூபிஎஸ் என்றால் கிடைப்பது 360 வாட் அளவுதான். கேமிங் பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 400 வாட் இழுக்கும்போது கரண்ட் போனால் அது பீப் அடித்துப் படுத்துவிடும். 1000 விஏ-க்குக் குறையாமல் எடுங்கள். ஆட்டத்தைத் தொடர அல்ல, சேமித்து அணைக்கச் சில நிமிடம் கிடைப்பதற்கு. மாதப் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் அன்றைக்கு எதுவும் உதவாது.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. ஷாக்கா?

எர்த் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடல் தகட்டுக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் தகட்டில் 230-இல் பாதி, 115 வோல்ட் அளவில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகும்போது அதுவே கார்டின் போர்ட்டைக் கொல்லலாம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். லைன், நியூட்ரல் இடையே வரும் அளவே வர வேண்டும். நம் பக்கத்துப் பாறை மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்து சரியாக வேலை செய்யாமல் போகும். குழியில் தண்ணீர் ஊற்றியதும் சுர் நின்றுவிடுகிற வீடுகள் உண்டு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகாதீர்கள்.

வேலூரிலேயே வாங்குவதா, ரிச்சி தெருவுக்குப் போவதா, ஆன்லைனா?

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு அங்கிருந்து ஆட்டோ தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை திறக்காது, வார நாளில் போங்கள். வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கு பெங்களூர் எஸ்பி ரோடும் ஒரு வழி. கார்டு, பிராசசர் போன்ற பெரிய செலவுகளில் விலை வித்தியாசம் தெரியும். கேபினெட், கீபோர்டு போன்றவற்றில் போக்குவரத்துச் செலவுக்கே சரியாகிவிடும்.

எங்கள் கணிப்பு: முதலில் ஆன்லைனில் மூன்று தளத்தில் விலை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு உள்ளூர்க் கடையில் கேளுங்கள். மொத்தத்தில் மூன்று நான்கு சதவீதம் கூடுதல் என்றால் உள்ளூரிலேயே முடியுங்கள். ஒரு பாகம் கெட்டால் பில்லோடு நடந்து போய்க் கொடுக்க ஓர் இடம் இருப்பதற்கு அந்தப் பணம் தகும். பத்து சதவீதத்துக்கு மேல் என்றால் ரயில் ஏறுங்கள்.

சென்னையிலிருந்து அசெம்பிள் செய்த பெட்டியைக் கொண்டுவருவதாக இருந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் அட்டைப் பெட்டியில் தனியே வையுங்கள். பஸ் குலுக்கலில் கனமான கார்டு தன் ஸ்லாட்டையே பிய்த்துவிடும். கேபினெட்டை மதர்போர்டு அடியில் இருக்க, கூலர் மேலே பார்க்கும்படி படுக்க வையுங்கள். ஆன்லைன் பார்சல் என்றால் ஒட்டுப் பிரிப்பதிலிருந்து சீரியல் எண் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

உத்தரவாதம் யாரிடம்?

அசெம்பிள் பெட்டிக்கு மொத்தமாக உத்தரவாதம் இல்லை, ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. தன் அட்டைப் பெட்டியோடு வரும் பிராசசருக்கு மூன்று வருடம், கார்டுக்குப் பெரும்பாலும் மூன்று, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்தும் அதற்கு மேலும், எஸ்எஸ்டிக்கு மூன்று முதல் ஐந்து. அட்டைப் பெட்டி இல்லாமல் தரும் 'ட்ரே' பிராசசர் விலை குறைவு. அதற்குக் கம்பெனி உத்தரவாதம் இல்லாமல் கடைக்காரர் வாய்ச்சொல் மட்டுமே இருக்கலாம்.

ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். 'கேமிங் பிசி - 1 செட்' என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் மாற்றி எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் கீபோர்டு வேண்டுமானால் வாங்கலாம். அட்டைப் பெட்டிகளைப் பரணில் வையுங்கள், எடைக்குப் போடாதீர்கள்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி அதில் கார்டு செருகினால்?

மலிவான வழிதான், அளந்து பார்த்து வாங்கினால். பருமனான டவர் வடிவமாக இருக்க வேண்டும். ஒல்லியான பெட்டியில் அரை உயரக் கார்டு மட்டுமே நுழையும். எஸ்எம்பிஎஸ் 200 முதல் 300 வாட் அளவில், கார்டுக்கான 8 பின் ஒயர் இல்லாமல் இருக்கும். அதனால் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் 75 வாட்டுக்குட்பட்ட கார்டைத்தான் போட முடியும். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள்.

இரண்டாம் கை கிராபிக்ஸ் கார்டு?

ஓடும் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் மென்பொருளில் பெயர், மெமரி அளவு, பிசிஐஇ தடம் சரியா பாருங்கள். கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க்கைப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். திரையில் வண்ணப் புள்ளி, கட்டம் தெரிந்தால் மெமரி போய்விட்டது. ஆர்எக்ஸ் 580 என்று விற்பவற்றில் 2048எஸ்பி என்ற குறைந்த வகை கலந்திருக்கும். 'ஹீட் அடிச்சு சரிபண்ணது' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள், சில வாரங்களில் அது மறுபடி போகும்.

நானே அசெம்பிள் செய்கிறேன். வரிசை என்ன?

முதல் முறை என்றால் நான்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். காந்த முனை உள்ள நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, ஒயர் கட்டும் டேக் பத்து, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். கம்பளத்தில் நிற்காதீர்கள். அவ்வப்போது எர்த் உள்ள உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

கேபினெட்டைத் தொடுவதற்கு முன் மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டி மேல் வைத்துப் பாதி வேலையை முடியுங்கள். பிராசசரின் மூலையில் உள்ள சிறு முக்கோணமும் சாக்கெட்டில் உள்ள முக்கோணமும் சேர வேண்டும். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரில் இருக்கும், ஏஎம்5-இலும் இன்டெல்லிலும் சாக்கெட்டில் இருக்கும். எதுவானாலும் தானாக உட்கார வேண்டும், விரலால் அழுத்தக் கூடாது. லீவரை மூடும்போது கறமுறவென்று சத்தம் வருவது ஏஎம்5-இலும் இன்டெல்லிலும் இயல்பு.

ராம் குச்சி இரண்டை பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். போர்டில் ஏ2, பி2 என்றிருக்கும். எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தித் திருகுங்கள். மேலே உள்ள உலோக மூடியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும், உரிக்க மறக்காதீர்கள். கூலரின் அடியிலும் அப்படி ஒன்று இருக்கலாம். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. கூலரிலேயே தடவி வந்திருந்தால் இன்னும் சேர்க்க வேண்டாம். திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஃபேன் ஒயரை 'சிபியு ஃபேன்' என்று எழுதிய இடத்தில் செருகுங்கள்.

இப்போது கேபினெட்டுக்கு வெளியிலேயே எஸ்எம்பிஎஸ், கார்டு, மானிட்டரை இணைத்து ஒரு முறை ஆன் செய்து பாருங்கள். பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஓடும். படம் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கேபினெட்டில் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் (போர்டைத் தூக்கிப் பிடிக்கும் குட்டைத் தாங்கிகள்) போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் பின்பக்கம் உரசி ஷார்ட் ஆகும். பின்பக்கத் தகடு தனியாக வந்திருந்தால் போர்டுக்கு முன்பே அதை மாட்டுங்கள். பிறகு 24 பின், பிராசசருக்கு 8 பின், கார்டுக்கு 6+2 பின். கடைசி இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றதைத் திணிக்காதீர்கள். மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் அதனோடு வந்த ஒயரை மட்டுமே பயன்படுத்துங்கள். வேறு எஸ்எம்பிஎஸ் ஒயர் பொருந்தும், ஆனால் வோல்டேஜ் இடம் மாறி எஸ்எஸ்டியை எரிக்கும்.

ஆன் ஆகிறது, படம் வரவில்லை. என்ன பார்ப்பது?

எச்டிஎம்ஐ ஒயர் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா? பாதிப் பேருக்கு இதிலேயே தீரும். 5600-க்கும் 'எஃப்' என்று முடியும் இன்டெல்லுக்கும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது.

ஏஎம்5 போர்டில் முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடம் பொறுங்கள்.

அதற்கும் வராவிட்டால் போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கார்டு), பூட் (துவக்கம்) என்று நான்கு சிறு விளக்குகள் உண்டா பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டிராம் என்றால் ஒரே குச்சியை ஏ2-வில் போட்டு, இரு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். சிபியு என்றால் 8 பின் ஒயரையும் பயாஸ் பதிப்பையும் பாருங்கள். ரைசன் 9000 வரிசையைப் பழைய சரக்கு பி650 போர்டில் போட்டால் பயாஸை முதலில் புதுப்பிக்க வேண்டும். ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, பிராசசர் ஓடாமலே செய்யலாம்.

படம் வந்துவிட்டது. வேறென்ன செய்ய வேண்டும்?

பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 6000 வேக ராம் 4800-இல் ஓடும். ரீசைசபிள் பார் ஆன். ஃப்ரீ ஃபயரை எமுலேட்டரில் (மொபைல் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) ஆடுபவர்கள் எஸ்விஎம் அல்லது விடி-எக்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள், அது இல்லாமல் எமுலேட்டர் நொண்டும். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டரை 144 அல்லது 165 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். புது மானிட்டரை வருடக்கணக்கில் 60-லேயே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

350 வாட்டில் தினமும் நான்கு மணி நேரம் என்றால் 1.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 450 ஓடுகிறது என்றால் இது 500-ஐத் தாண்டவைத்து மேல் அடுக்குக் கட்டணத்துக்குத் தள்ளும். ஃப்ரேம் அளவை மானிட்டரின் ஹெர்ட்ஸோடு நிறுத்திவைத்தால் கார்டு இழுப்பது கணிசமாகக் குறையும், சூடும் குறையும்.

விடுதியில் தங்கிப் படிக்கிறேன். லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

லேப்டாப். செமஸ்டர் முடிவில் அறையைக் காலி செய்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்பாடி பிளாட்பாரத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். வெளியில் வீடெடுத்துத் தங்கினால் டெஸ்க்டாப்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை சுத்தம் செய்வது?

முன்பக்க வலையை மாதம் ஒரு முறை, உள்ளே மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ரோட்டோர வீடு என்றால் இன்னும் சீக்கிரம். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும். தெர்மல் பேஸ்ட்டை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

பின்பக்கத்தில் கார்டு மாட்டாத ஸ்லாட்டுகளுக்கு உரிய தகடுகளைத் தூக்கி எறியாதீர்கள். அந்த இடுக்கு வழியாகத்தான் பல்லி உள்ளே போகும். இதமான சூடு, பூச்சி, இருட்டு மூன்றும் அதற்கு அங்கே கிடைக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் குறுக்கே விழுந்தால் பல்லியும் போகும், எஸ்எம்பிஎஸ்ஸும் போகும், அதற்கு உத்தரவாதமும் கிடையாது. தகடு தொலைந்திருந்தால் கொசுவலைத் துண்டை வெட்டி உள்பக்கமாக ஒட்டுங்கள்.